மலை மருத்துவமனையில் அயோர்ட்டா ஸ்கேன்: புதிதாகப் புரோப் பிடிப்பவர்களுக்கு

நீலகிரியில் ஒரு சின்ன மருத்துவமனைக்கு டியூட்டி டாக்டராக வருபவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் சொல்லிக்கொடுக்கும்போது கர்ப்பம், பித்தப்பை, சிறுநீரகம் என்று வரிசையாகப் போகிறோம். அயோர்ட்டா, அதாவது வயிற்றுப் பெருந்தமனி, கடைசியில்தான் வருகிறது. பல சமயம் வருவதே இல்லை. என்னைக் கேட்டால் அது முதல் வாரத்துப் பாடம். அதில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: அதன் விட்டம் 3 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டதா, இல்லையா? கற்றுக்கொள்ளச் சுலபம், தவறவிட்டால் ஆபத்து.

மலையில் இந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் கனம் உண்டு. ரத்தக்குழாய் அறுவை சிகிச்சை நிபுணர் வேண்டுமென்றால் பெரும்பாலும் கோவைக்குத்தான் போகவேண்டும். ஊட்டியிலிருந்து 85 கிலோமீட்டர் சொச்சம். நடுவில் குன்னூர், பர்லியார், கல்லாறு என்று கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரி வழியாக இறங்கினாலும் மேட்டுப்பாளையம் போய்த்தான் சமவெளி. ஐப்பசி மழையில் எங்காவது மண் சரிந்துவிட்டால் அதுவும் கேள்விக்குறி. அயோர்ட்டா கசிந்துகொண்டிருக்கும் ஒருவருக்குக் 'கல்லடைப்பு' என்று ஒரு ஊசியைப் போட்டுப் படுக்கவைத்து, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், காலையில் அவர் உயிரோடு இல்லாமல் போகலாம்.

இதற்கு நீங்கள் ரேடியாலஜிஸ்ட் ஆகவேண்டியதில்லை. படம் அழகாக வரவேண்டும் என்பதும் இல்லை. அளவு நம்பகமாக இருக்கவேண்டும். ஆறு மாதம் கழித்து வேறொருவர் அளந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி இருக்கவேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

எதை, யாருக்குத் தேடுகிறோம்

அயோர்ட்டா 12ஆவது மார்பு முள்ளெலும்பின் மட்டத்தில் உதரவிதானத்தைத் தாண்டி வயிற்றுக்குள் நுழைகிறது. முதுகெலும்பை ஒட்டி, நடுக்கோட்டுக்குச் சற்று இடப்பக்கமாக இறங்கி, 4ஆவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்தில், கால்களை நோக்கிப் போகும் இரண்டு இலியாக் தமனிகளாகப் பிரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பிரிவு ஏறக்குறையத் தொப்புளுக்கு நேரே. அதனால் உங்கள் எல்லை மார்புக்கூட்டின் கீழ்முனையிலிருந்து தொப்புள் வரை, அதற்குக் கீழே இன்னும் இரண்டு விரற்கடை.

இயல்பான விட்டம் சுமார் 2 செ.மீ. பெண்களுக்குக் கொஞ்சம் குறைவு. கீழே வரவரக் குழாய் சிறுத்துக்கொண்டே வரவேண்டும். சிறுக்காமல் பெருத்தால், 3 செ.மீ.யைத் தொடாவிட்டாலும் கவனியுங்கள். 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் அனியூரிசம், அதாவது குழாயின் சுவர் பலவீனமாகி வீங்கிப்போனது. பக்கத்தில் இருக்கும் இயல்பான பகுதியைப்போல் ஒன்றரை மடங்கு இருந்தாலும் அனியூரிசம்தான். சிறுகூடான உடம்புள்ள பாட்டிக்கு இந்த இரண்டாவது கணக்கே பொருத்தம். இலியாக் தமனிக்கு 1.5 செ.மீ.யைத் தாண்டினால் பெரிது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அனியூரிசங்களில் மிகப் பெரும்பாலானவை சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழேதான் வருகின்றன. மேல்வயிற்றில் நன்றாகத் தெரிகிற பகுதியை மட்டும் பார்த்துவிட்டு 'அயோர்ட்டா நார்மல்' என்று எழுதும் வழக்கம் இருக்கிறதே, அது நோய் வராத இடத்தைப் பார்த்துவிட்டு நோய் இல்லை என்று சொல்வது.

யாருக்கு வரும்? 65 வயதைத் தாண்டிய ஆண், புகைப்பவர் அல்லது ஒரு காலத்தில் புகைத்தவர்: இதுதான் முதல் படம். ரத்தக்கொதிப்பு, இதய நோய், உடன்பிறந்தவருக்கோ பெற்றோருக்கோ இதே நோய் இருந்தது ஆகியவை அடுத்து. சர்க்கரை நோயாளிகளுக்கு இது ஓரளவு குறைவாகவே வருகிறது என்பது வியப்பான செய்தி, ஆனால் உண்மை. புகைப்பழக்கத்தைக் கேட்கும்போது 'சிகரெட் பிடிப்பீர்களா?' என்று மட்டும் கேட்காதீர்கள். எஸ்டேட்டில் நாற்பது வருஷம் பீடி பிடித்தவர், 'இல்லைங்க, அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது' என்று மனசாட்சியோடு சொல்வார்.

பிரிட்டனில் 65 வயதாகும் ஆண்களை ஒரு தடவை கூப்பிட்டு அயோர்ட்டாவை அளக்கிறார்கள். அமெரிக்காவில் 65 முதல் 75 வயதுக்குள் இருக்கும், எப்போதாவது புகைத்திருக்கிற ஆண்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறார்கள். 2002இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வொன்று 67,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்தது. கூப்பிட்டு அளந்த குழுவில் இந்த நோயால் நேரும் சாவு நான்கு வருஷத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நம் நாட்டில் அப்படியொரு தேசியத் திட்டம் இல்லை. ஆகவே நாம் செய்யக்கூடியது வந்தவரைப் பார்ப்பதுதான். பணி ஓய்வு பெற்ற ஒரு தாத்தா புரோஸ்டேட் ஸ்கேனுக்கு வந்து மேஜையில் படுத்திருக்கிறார், ஜெல்லும் தடவியாயிற்று. இன்னும் இரண்டு நிமிடம் மேலே நகர்த்திப் பார்ப்பதில் என்ன வந்துவிடப்போகிறது?

அவசரமாகப் பார்க்கவேண்டியவர்கள் தனி. ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக வரும் விலாவலி, முதுகுவலி, வயிற்றுவலி, மயக்கம், காரணம் தெரியாமல் ரத்த அழுத்தம் விழுவது. வயதானவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் 'கல்லடைப்பு' வந்தால், சிறுநீரகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அயோர்ட்டாவைப் பாருங்கள். 'வாயுப் பிடிப்பு' என்று வீட்டில் கஷாயம் கொடுத்துவிட்டுக் கூட்டிவந்தவருக்கும் இதே விதிதான். ஐன்ஸ்டைன் 1955 ஏப்ரலில் இறந்தது வயிற்று அயோர்ட்டா அனியூரிசம் வெடித்து. அவருடைய வலி பித்தப்பைக் கோளாறைப் போலவே தோன்றியது என்று மருத்துவ நூல்கள் சொல்கின்றன. இத்தனைக்கும் அவருக்கு அனியூரிசம் இருப்பது 1948 டிசம்பரிலேயே தெரியும். ருடால்ஃப் நிஸன் என்ற அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து, அதைச் சுற்றிச் செலோபேன் தாள் சுற்றி அனுப்பியிருந்தார்.

புரோப்பைத் தொடுவதற்கு முன்

முதலில் சட்டம். கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி, அல்ட்ராசவுண்ட் கருவி ஒவ்வொன்றும் பதிவு செய்யப்பட்டிருக்கவேண்டும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகிற கையடக்கக் கருவிக்கும் விலக்கு இல்லை. 'நான் தாத்தாவின் அயோர்ட்டாவைத்தானே பார்க்கிறேன்' என்ற வாதம் எடுபடாது. கருவி எங்கே பதிவாகியிருக்கிறது, அதை இயக்க யார் யார் பெயர் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று பணியில் சேர்ந்த அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

அவசரமில்லாத ஸ்கேனுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்லுங்கள். குடலில் வாயு குறையும். தண்ணீர், வழக்கமான மாத்திரை பரவாயில்லை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. 'வெறும் வயிற்றோடு வாங்க' என்றால் நம் மலைக்காரர்களின் அகராதியில் டீ அதில் சேராது. விடிகாலைக் குளிரில் பால் ஊற்றி இரண்டு தம்ளர் குடித்துவிட்டு 'ஒண்ணுமே சாப்பிடலை டாக்டர்' என்று வருவார்கள். டீயும் கூடாது என்று தனியாகச் சொல்லுங்கள், காலையில் முதல் ஆளாகக் கூப்பிட்டுவிடுங்கள்.

ஜெல் பாட்டிலை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள். இதை உபசாரத்துக்காகச் சொல்லவில்லை. ஜனவரி உறைபனிக் காலத்தில் சில்லென்ற ஜெல் பட்டதும் வயிற்றுத் தசை இறுகிவிடும், புரோப்பை (கையில் பிடித்து உடம்பில் வைக்கும் ஸ்கேன் முனையை) அமுக்கவே முடியாது. ஸ்வெட்டர், அதற்குள் ஒரு ஸ்வெட்டர், பனியன் எல்லாவற்றையும் மார்பு வரை தூக்கி, மற்ற இடத்தைப் போர்வையால் மூடுங்கள். முழங்காலை மடக்கி வைக்கச் சொன்னால் வயிறு இன்னும் தளரும்.

புரோப், வளைந்த முகமுள்ள வயிற்றுப் புரோப். 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ். கருவியில் வயிற்றுக்கென்று இருக்கும் 'அப்டமன்' அமைப்பு. ஆழம் முதலில் 15 செ.மீ. அளவில், பருமனானவருக்கு 20 வரை. சரி, இனி வயிற்றில் வைக்கலாம்.

முதலில் எலும்பு, அப்புறம் குழாய்

புதிதாக வருபவர்கள் திரையில் துடிக்கிற கறுப்பு வட்டத்தைத் தேடுவார்கள். தேடவேண்டியது எலும்பு. மார்பெலும்பு முடியும் இடத்துக்குக் கீழே, குறுக்குவாட்டில், புரோப்பின் ஓரத்தில் உள்ள அடையாளக்குறி நோயாளியின் வலப்பக்கம் இருக்கும்படி புரோப்பை வைத்துச் செங்குத்தாக அமுக்குங்கள். ஆழத்தில் வெள்ளையாக ஒரு வளைவு, அதற்குக் கீழே ஒன்றுமே தெரியாத கறுப்பு நிழல்: அதுதான் முள்ளெலும்பு. அது கிடைத்துவிட்டால் அயோர்ட்டா எங்கே போய்விடப்போகிறது? அதன் தலைமேல், திரையில் சற்று வலப்பக்கமாக, அதாவது நோயாளியின் இடப்பக்கமாக, உட்கார்ந்திருக்கும். எலும்பு திரையின் அடியில் வரும்படி ஆழத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். குழாய் பெரிதாகத் தெரியும், அளப்பதும் சுலபம்.

பக்கத்திலேயே இன்னொரு கறுப்பு வட்டம் இருக்கும்: கீழ்ப்பெருஞ்சிரை, நம் வழக்கில் ஐ.வி.சி. இரண்டும் துடிக்கிற மாதிரித்தான் தோன்றும், ஏனென்றால் அயோர்ட்டாவின் துடிப்பு சிரையையும் அசைக்கும். துடிப்பை நம்பாதீர்கள். சிரையின் சுவர் மெலிது, அமுக்கினால் நசுங்கும், மூச்சை இழுக்கும்போது அளவு மாறும், மேலே போனால் கல்லீரலுக்குப் பின்னால் நுழைந்து இதயத்தில் சேரும். அயோர்ட்டாவின் சுவர் தடித்து வெள்ளையாகத் தெரியும், அமுக்கினாலும் வட்டம் கலையாது, அதிலிருந்து கிளைகள் முன்பக்கமாகக் கிளம்பும். இதற்கும் மேல் சந்தேகம் இருந்தால், ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டாப்ளரைப் போடுங்கள்.

இப்போது அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்குங்கள். முதலில் கல்லீரல், இரைப்பைப் பக்கம் போகும் சீலியாக் தமனி கிளம்பி இரண்டு பக்கமும் சிறகு விரித்ததுபோல் பிரியும். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கீழே எஸ்.எம்.ஏ., அதாவது குடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் மேல் குடல் தமனி; குறுக்குவெட்டில் அயோர்ட்டாவுக்கு முன்னால் சின்னக் கறுப்புப் பொட்டு, அதைச் சுற்றிக் கொழுப்பின் வெள்ளை வளையம். இந்தப் பொட்டுக்கும் அயோர்ட்டாவுக்கும் நடுவே இடது சிறுநீரகச் சிரை கடந்து போகும். சிறுநீரகத் தமனிகள் இந்த மட்டத்தை ஒட்டித்தான் கிளம்புகின்றன. அவை உங்கள் கண்ணுக்குத் தெரியாமலே போகலாம், பரவாயில்லை. எஸ்.எம்.ஏ. தெரிந்தால் போதும். வீக்கம் அதற்கு எவ்வளவு கீழே தொடங்குகிறது என்பதைக் குறித்துவையுங்கள், அறுவை மருத்துவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

அங்கிருந்து தொப்புள் வரை விடாமல் நகர்த்துங்கள், வட்டம் திரையை விட்டுப் போகக்கூடாது. நடுவில் காணாமல் போனால் அந்த இடத்தைத் தாண்டிக் குதிக்காதீர்கள். திரும்பி மேலே போய் மறுபடி வாருங்கள். ஒரு வட்டம் இரண்டாகும் இடம்தான் பிரிவு. அது கண்ணில் பட்டால்தான் ஸ்கேன் முடிந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு இலியாக்கையும் சிறிது தூரம் தொடருங்கள்.

பிறகு புரோப்பைத் திருப்பி, குறி தலையைப் பார்க்கும்படி நெடுக்குவாட்டில் ஒரு தடவை. வீக்கம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, உருளையாகப் பரந்திருக்கிறதா, ஒரு பக்கம் மட்டும் பை போலப் புடைத்திருக்கிறதா என்பது இதில் தெரியும். பை வடிவ வீக்கம் சின்னதாக இருந்தாலும் நிபுணருக்குத் தெரியப்படுத்துங்கள். தொற்றால் வந்ததாகவும் இருக்கலாம், அறுவைக்கு 5.5 செ.மீ. வரை காத்திருக்கும் கணக்கு (கடைசிப் பகுதியில் வருகிறது) அதற்குச் செல்லாது.

அளப்பது

இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மற்றவை கை பழகப்பழக வந்துவிடும். அளப்பது அப்படியில்லை, தப்பாகப் பழகினால் தப்பாகவே நிலைக்கும்.

மூன்று இடத்தில் அளக்கவேண்டும்: மேலே சீலியாக் பக்கம், நடுவில் சிறுநீரகத் தமனிகளின் மட்டம், கீழே பிரிவுக்கு முன்னால். இவற்றோடு எங்கே மிக அகலமோ அங்கே ஒன்று. முன்னிருந்து பின்னாக, அதாவது திரையில் மேலிருந்து கீழாக வரும் விட்டம்தான் முக்கியம். பக்கவாட்டுச் சுவர்கள் அல்ட்ராசவுண்டில் மங்கலாகத்தான் விழும். அங்கே காலிப்பரை, அதாவது திரையில் தூரத்தை அளக்கும் குறியை, எங்கே வைப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். முன்சுவரும் பின்சுவரும் கூர்மையாகத் தெரியும்.

ஒலிக்கதிர் குழாயை நேர்குறுக்காக வெட்டவேண்டும். வயதானவர்களின் அயோர்ட்டா நெளிந்து வளைந்திருக்கும். அங்கே புரோப்பை வயிற்றுக்கு நேராகப் பிடித்தால், குழாயைச் சாய்வாக வெட்டிவிடுவீர்கள். ஊட்டி கேரட்டைச் சாய்த்து நறுக்கினால் துண்டு நீள்வட்டமாக வருமே, அதே கதைதான், 4 செ.மீ. குழாய் 5 செ.மீ. என்று காட்டும். வட்டம் வட்டமாக வரும்வரை புரோப்பைச் சாய்த்துத் திருப்புங்கள். நெடுக்குவாட்டில் இதற்கு நேர்மாறான ஆபத்து: கதிர் நடுவே போகாமல் ஓரமாகப் போனால் அகலம் குறைவாகத் தெரியும். நெடுக்கில் அளப்பதானால் புரோப்பை மெல்ல இடமும் வலமும் ஆட்டி, எங்கே மிக அகலமாகத் தெரிகிறதோ அங்கே படத்தை நிறுத்துங்கள். இரண்டு கோணத்திலும் எடுத்த அளவுகள் நெருங்கி வந்தால் நம்பலாம். வராவிட்டால் மறுபடி எடுங்கள்.

காலிப்பரைச் சுவரின் எந்த விளிம்பில் வைப்பது? உலகமே இதில் ஒத்துப்போகவில்லை. பிரிட்டனின் பரிசோதனைத் திட்டத்தில் உள்விளிம்பிலிருந்து உள்விளிம்பு வரை அளக்கிறார்கள்; வேறு பல இடங்களில் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை. இரண்டுக்கும் சில மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். அவசர சிகிச்சைக்கு என்னுடைய பரிந்துரை வெளியிலிருந்து வெளி. காரணத்தை அடுத்த பத்தியில் சொல்கிறேன். எதை எடுத்தாலும் அதை ரிப்போர்ட்டில் எழுதுங்கள். போன தடவை உள்ளே அளந்தார்கள், இந்தத் தடவை நீங்கள் வெளியே அளந்தீர்கள் என்றால், வளராத அனியூரிசம் காகிதத்தில் வளர்ந்துவிடும். அந்தக் குடும்பம் கடன் வாங்கிக்கொண்டு கோவைக்குக் கிளம்பும்.

காரணம் இதுதான்: அனியூரிசத்தின் உட்சுவரில் ரத்தம் உறைந்து படிந்திருக்கும். திரையில் அது சாம்பல் நிறம். நடுவே ரத்தம் ஓடும் வழி மட்டும் கறுப்பு. அந்தக் கறுப்பு வட்டம் 2 செ.மீ. இருக்கும், பார்ப்பதற்கு அச்சு அசலாக இயல்பான அயோர்ட்டா. சுற்றியுள்ள சாம்பலைக் குடல் என்றோ கொழுப்பு என்றோ நினைத்து, கறுப்பை மட்டும் அளந்து 'நார்மல்' என்று எழுதினால், உள்ளே இருக்கும் 6 செ.மீ. அனியூரிசம் தப்பித்துவிடும். டாப்ளர் போட்டுப் பார்ப்பவர்களும் இதில் விழுவார்கள், ஏனென்றால் நிறம் ஓட்டம் உள்ள இடத்தில்தான் வரும். கெயினை (படத்தின் வெளிச்சத்தை) மிகவும் குறைத்து வைத்தால் உறைவு முழுக் கறுப்பாகவே போய்விடும். மிகவும் கூட்டினால் இல்லாத உறைவு இருப்பதுபோல் தெரியும். சுவரின் வெளிப்புற வெள்ளைக்கோட்டைக் கண்டுபிடித்து, அதில் காலிப்பரை வைப்பது என்று பழகிவிட்டால் இந்தக் குழி உங்களுக்கு இல்லை.

கடைசியாக ஒன்று. ஒரே நோயாளியை இரண்டு பேர் அளந்தால் சில மில்லிமீட்டர் மாறத்தான் செய்யும். இதயம் சுருங்கும்போதும் விரியும்போதும்கூடச் சற்று மாறும். 4.2 போன தடவை, 4.4 இந்தத் தடவை என்றால் 'வளர்ந்துவிட்டது' என்று உடனே சொல்லாதீர்கள். பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரிப்போர்ட்டில் இருக்கும் எண்ணைவிடப் படத்தில் காலிப்பர் உட்கார்ந்திருக்கும் இடம் அதிகம் சொல்லும்.

வாயு மறைத்தால்

மறைக்கும். பத்துப் பேரில் சிலருக்காவது மறைக்கும். அப்போது புரோப்பை எடுத்து எடுத்து வைப்பதைவிட, வைத்த இடத்திலேயே நிதானமாக, ஒரே சீராக அமுக்குங்கள். லேசாக ஆட்டிக்கொண்டே அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுத்தால் குடல் விலகிக்கொடுக்கும். குத்துவதுபோல் அமுக்கக்கூடாது. வலியோடு வந்தவருக்கு அழுத்தம் மிகக் குறைவாகவே இருக்கட்டும். 'ஐயா, மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க' என்றால் கல்லீரல் கீழே இறங்கி மேல்பகுதிக்கு ஜன்னல் தரும்.

அதிலும் வராவிட்டால் பக்கவாட்டுக்குப் போங்கள். வலது விலாவில், கல்லீரலும் சிறுநீரகமும் தெரியும் இடத்தில் நெடுக்குவாட்டில் வைத்து உள்நோக்கிப் பார்த்தால், முன்னால் சிரையும் அதற்கு அப்பால் அயோர்ட்டாவும் இணையாக ஓடுவது தெரியும். இடது விலாவிலும் முயலலாம். இந்தக் கோணத்தில் எடுக்கும் அளவு பக்கவாட்டு விட்டம் என்பதை மறக்காமல் எழுதுங்கள்.

எதுவும் பலிக்கவில்லை என்றால் 'பிரிவு வரை பார்க்க முடியவில்லை' என்று எழுதுவதில் கௌரவக் குறைச்சல் இல்லை. பார்க்காத இடத்தை நார்மல் என்று எழுதுவதுதான் குறைச்சல்.

அயோர்ட்டாவைச் சுற்றி நிணநீர்க் கட்டிகள் திரண்டிருந்தால் அதுவும் உறைவோடு கூடிய அனியூரிசம்போலத் தெரியும். காசநோயோ, லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயோ இருக்கலாம். கட்டிகளுக்குத் தனித்தனி விளிம்பு தெரியும், அயோர்ட்டாவை எலும்பிலிருந்து முன்னால் தூக்கியும் வைத்திருக்கும். இரண்டு சிறுநீரகமும் கீழே ஒட்டிப் பிறந்தவர்களுக்கு, அந்த இணைப்பு அயோர்ட்டாவுக்கு முன்னால் குறுக்கே கிடந்து குழப்பும். குழாய்க்குள் மெல்லிய திரை ஒன்று ஆடிக்கொண்டிருந்தால் அது உட்சுவர் கிழிந்திருப்பதன் அடையாளம். விட்டம் 3 செ.மீ.க்குள் இருந்தாலும் அவசரம்தான்.

ரத்த அழுத்தம் விழுந்த நோயாளி

வலி, விழுந்த ரத்த அழுத்தம், ஸ்கேனில் அனியூரிசம். இந்த மூன்றும் சேர்ந்தால் வெடித்துவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வயிற்றுக்குள் ரத்தம் தெரியவில்லையே என்று ஆறுதல் அடையாதீர்கள். ரத்தம் பெரும்பாலும் வயிற்றறைக்குப் பின்னால்தான் போய்த் தேங்கும். அல்ட்ராசவுண்ட் அனியூரிசத்தைக் காட்டுவதில் கெட்டி, அந்தப் பின்புறக் கசிவைக் காட்டுவதில் நம்பகமில்லை. கல்லீரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே ஒரு பார்வை பாருங்கள். அங்கே திரவம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம், இல்லாவிட்டால் எதுவும் நிரூபணமாகவில்லை.

இந்த ஸ்கேனுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் செலவழிக்காதீர்கள். பெரிய ஊசியில் இரண்டு லைன், ரத்த வகை, குறுக்குப் பொருத்தம், வலிக்கு மருந்து. சலைனைத் திறந்துவிட்டு அழுத்தத்தை 120க்குக் கொண்டுவரும் ஆசை வேண்டாம். உறைந்து அடைத்துக்கொண்டிருக்கும் ரத்தம் அந்த அழுத்தத்தில் பிய்த்துக்கொள்ளும். நோயாளி நினைவோடு பேசிக்கொண்டிருந்தால் மேல் அழுத்தம் 70 முதல் 90 வரை போதும்.

அப்புறம் தொலைபேசி. 108க்குக் கூப்பிடுவதும் கோவையில் ஏற்கப்போகும் மருத்துவமனைக்குக் கூப்பிடுவதும் ஒரே நேரத்தில், இரண்டு ஆள் வைத்து நடக்கட்டும். அங்கே ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இன்று இருக்கிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வண்டியைக் கிளப்பக்கூடாது. போன பிறகு 'டாக்டர் வெளியூர்' என்று இன்னொரு மருத்துவமனைக்கு அலைவதற்கு அவரிடம் நேரம் இருக்காது. பேசும்போது இந்த ஒழுங்கில் சொல்லுங்கள்: வயது, அனியூரிசத்தின் விட்டம், எஸ்.எம்.ஏ.க்கு எவ்வளவு கீழே, ரத்த அழுத்தம், எப்போது கிளம்புகிறோம், எந்தச் சாலை. நிலையாக இருப்பவருக்கு சிடி ஆஞ்சியோ (ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஸ்கேன்) எங்கே எடுப்பது என்பதை ஏற்பவரே முடிவு செய்யட்டும்; நிலையில்லாதவரை சிடிக்காக ஒரு நிமிடம்கூட நிறுத்தாதீர்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கோவைக்குப் போக மலையேறி இறங்கவேண்டும். கேரளப் பக்கமும் மைசூர்ப் பக்கமும் சாலைகள் இருக்கின்றன, பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை பொதுப் போக்குவரத்துக்கு மூடியிருக்கும். எந்த நேரத்தில் எந்தப் பக்கம் அனுப்புவது என்பதை நோயாளி வந்த பிறகு யோசிக்காமல், ஒரு சாதாரண நாளில் உங்கள் சீனியரோடு உட்கார்ந்து தீர்மானித்து, ஸ்கேன் அறைச் சுவரில் ஒட்டிவையுங்கள். வீட்டாரிடம் ஒளிவுமறைவு வேண்டாம். வழியிலேயே உயிர் போகலாம் என்பதையும், இங்கேயே வைத்திருந்தால் போவது ஏறக்குறைய உறுதி என்பதையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள்.

அவசரமில்லாத அனியூரிசம்

நீங்கள் கண்டுபிடிக்கும் அனியூரிசங்களில் பல சின்னவையாக, வலியில்லாதவையாகவே இருக்கும். அவற்றுக்கு உடனே அறுவை இல்லை. ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. வரும்வரை கண்காணிப்பதே வழக்கம். அதற்கு முன்னால் வருஷத்துக்கு 1 செ.மீ.க்கு மேல் வளர்ந்தாலோ, வலி தொடங்கினாலோ அனுப்பவேண்டும். அமெரிக்க ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் சங்கத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி 3 முதல் 3.9 வரை மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, 4 முதல் 4.9 வரை வருஷத்துக்கு ஒரு தடவை, 5 முதல் 5.4 வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை. பிரிட்டனில் இதைவிட அடிக்கடி பார்க்கிறார்கள். எந்த அட்டவணையை எடுத்தாலும், ஆறு மாதத் தேதியை ஐப்பசி, கார்த்திகையில் வைக்காதீர்கள். மழையில் பஸ் நின்றால் அவர் அடுத்த சித்திரை வரை வரமாட்டார்.

ரிப்போர்ட்டில் மிகப் பெரிய விட்டம், எந்தக் கோணம், காலிப்பர் எங்கே, எஸ்.எம்.ஏ.யிலிருந்து தூரம், உறைவு உண்டா, இரண்டு இலியாக், சிறுநீரகத்தில் நீர்த்தேக்கம் உண்டா, எந்தப் பகுதி தெரியவில்லை. இவ்வளவு இருந்தால் போதும். முழங்காலுக்குப் பின்னாலும் புரோப்பை ஒரு தடவை வைத்துப் பாருங்கள். அங்கே உள்ள தமனியிலும் அனியூரிசம் சேர்ந்து வருவதுண்டு.

பீடியை நிறுத்தச் சொல்வது சம்பிரதாயமாகப் போய்விடக்கூடாது. புகைப்பவர்களுக்கு இது வேகமாக வளர்கிறது, வெடிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. ரத்தக்கொதிப்பைக் கட்டுக்குள் வைக்கவேண்டும். இன்னொன்று, பலருக்குத் தெரியாதது: சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் வகை மருந்துகளை, வேறு வழி இருந்தால், அயோர்ட்டா அனியூரிசம் உள்ளவர்களுக்குத் தரவேண்டாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்தது. சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் கேட்காமலே கொடுக்கப்படுகிற மருந்துகள் இவை. ஓ.பி. சீட்டின் மேல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதிவையுங்கள்.

ரிப்போர்ட்டையும் படத்தையும் நோயாளியின் மகனோ மகளோ தங்கள் போனில் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எப்போது உடனே வரவேண்டும் என்பதையும் அவர்களிடமே சொல்லுங்கள்: புதிதாக முதுகுவலி, விலாவலி, மயக்கம். அப்படியே அவருடைய அண்ணன் தம்பிகள், அக்கா தங்கைகளில் வயதானவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டு, அவர்களையும் ஒரு நாள் டீ குடிக்காமல் வரச் சொல்லுங்கள்.